சொந்தக் காரை ட்ராக்கில் இறக்குவது: முதல் தடவை போகிறவர்களுக்கு

வாசகர் கேள்வி, பிப்ரவரி 2, 2025

"அண்ணா, என் கார் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல். ஈ.சி.ஆர்.ல ராத்திரி 160 வரைக்கும் போயிருக்கேன், ஆடல அசையல. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல ட்ராக் டே (சொந்தக் காரையே ட்ராக்ல ஓட்டிப் பார்க்கிற நாள்) போகலாம்னு ஃப்ரெண்ட்ஸ் கூப்பிடுறாங்க. அதுக்குள்ள ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரை மாத்திப் பவர் ஏத்துறது), லோயரிங் ஸ்பிரிங் (காரைத் தாழ்த்துறது), எக்ஸாஸ்ட் மூணும் பண்ணிடலாம்னு இருக்கேன். எதை முதல்ல பண்றது? மத்தபடி ஹைவேல ஓட்டுறவனுக்கு ட்ராக் ஒண்ணும் பெரிய விஷயமில்லைன்னு நினைக்கிறேன்."

பிப்ரவரி 2, இரவு

மூன்றையும் விடுங்க தம்பி. பிரேக் ஆயில் மாற்றுங்க. டாட் 4 தரம், சீல் உடைக்காத புது டப்பா. பழசை முழுசா வெளியே எடுத்து, நாலு சக்கரத்திலும் ப்ளீட் பண்ண (குழாயில் காற்று மிச்சமில்லாமல் வெளியேற்ற) சொல்லிவிட்டு, முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே நில்லுங்க. மற்றதெல்லாம் பிறகு.

ஈ.சி.ஆர். கதையை இனிமேல் எங்கேயும் எழுதாதீங்க. மீன் கூடையோடு ஒருவர் டி.வி.எஸ். 50-ல் குறுக்கே வந்திருந்தால், இந்தக் கேள்வியைக் கேட்க நீங்க இருந்திருக்க மாட்டீங்க, அவரும் இருந்திருக்க மாட்டார்.

பிப்ரவரி 3

ஏன் பிரேக் ஆயில் என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஓடுகிற காரின் சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 140-லிருந்து 60-க்குக் குறைக்க பிரேக் விழுங்க வேண்டிய சக்தி, 60-லிருந்து முழுசா நிறுத்துவதற்கு ஆவதைப் போல நாலு மடங்குக்கும் மேல். 1,100 கிலோ கார் என்றால் ஒரே அமுக்கில் கிட்டத்தட்ட 680 கிலோஜூல். அது அத்தனையும் சூடு. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் ஏறி, அதைப் பிடிக்கும் பேடில் ஏறி, பேடை அமுக்கும் காலிப்பர் வழியாக ஆயிலுக்கு வரும். ஹைவேயில் இப்படி ஒரு பிரேக் அடித்தால் அதற்குப் பிறகு பத்து நிமிஷம் காற்று வாங்கிக்கொண்டு போவோம், டிஸ்க் ஆறிவிடும். ட்ராக்கில் ஆறுவதற்கு நேரமே கிடையாது. இருங்காட்டுக்கோட்டையின் முழுச் சுற்று 3.717 கிலோமீட்டர், 12 திருப்பம். சராசரி 90-ல் போனாலே இரண்டரை நிமிஷத்துக்குள் ஒரு சுற்று முடிந்து, அதே இடத்தில் அதே பிரேக்கை மறுபடி மிதிக்கிறோம்.

பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. டாட் 4 புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு 155 போதும். பழைய டாட் 3-க்கு இதே கணக்கு 205, 140. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் நீங்க மிதிக்கிற மிதி குமிழியை நசுக்குவதற்கே சரியாகப் போகும், பேடு வரைக்கும் போய்ச் சேராது.

எனக்கு நடந்தது: சர்வீஸ் பில்லில் "பிரேக் ஆயில் மாற்றம்" என்று தெளிவாக அச்சடித்து, காசும் வாங்கியிருந்தார்கள். எந்த சர்வீஸ் சென்டர் என்பது வேண்டாம். ட்ராக்குக்கு முந்தின வாரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டேன். பின் சக்கரத்தில் ப்ளீட் நிப்பிளைத் திறந்து, பிளாஸ்டிக் குழாயைச் சொருகி, பையன் பெடலை அமுக்க, பாட்டிலில் இறங்கியது கள்ளிச்சொட்டு டிகாஷன். புது ஆயில் இள மஞ்சளாக, எண்ணெய்க் கறை மாதிரிதான் இருக்கும். மெக்கானிக் என்னைப் பார்த்தார், நான் பில்லைப் பார்த்தேன். பக்கத்தில் நில்லுங்க என்று நேற்று எழுதியது அதனால்தான்.

பிப்ரவரி 3, கொஞ்ச நேரம் கழித்து

விட்டுப்போனது. பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும், இரண்டையும் காலாலேயே பிரித்துத் தெரிந்துகொள்ளலாம். பெடல் பஞ்சு மாதிரி ஆழமாகப் போனால் ஆயில் கொதிக்கிறது. பெடல் கல்லு மாதிரி நிற்கிறது, ஆனால் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது என்றால் பேடு சூடேறிப் பிடிப்பை விட்டுவிட்டது. முதலாவதில் பெடலை இரண்டு மூன்று தடவை வேகமாக அடித்தால் கொஞ்சம் மேலே வரும். இரண்டிலும் அந்தச் சுற்றோடு பிட்டுக்குள் (ட்ராக் ஓரத்தில் கார் நிறுத்தும் இடம்) வந்துவிடணும். "இன்னும் ஒரு ரவுண்டு பார்ப்போம்" என்பவரின் காரைத்தான் கயிறு கட்டி இழுத்து வருவார்கள்.

பிப்ரவரி 5

பேடு மாற்றணுமா என்றால், முதல் தடவைக்கு வேண்டாம். கம்பெனி பேடு பாதிக்கு மேல் இருந்தால் போதும். ரேஸ் பேடு சூடானால்தான் பிடிக்கும், காலையில் வீட்டு வாசலில் கேட் மேல் போய் இடிப்பீங்க.

டயர்தான் முக்கியம். பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சாகியிருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 1419 என்றால் 2019-ன் 14-வது வாரம். பட்டை (தரையில் படும் ரப்பர் வெட்டு) நிறைய இருக்கிறது என்று பழைய டயரை நம்பாதீங்க, ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஓரத்தில் வெடிப்பு, முட்டை மாதிரி வீக்கம் இருந்தால் ட்ராக்கை விடுங்க, அண்ணா நகர் கூட வேண்டாம்.

வீல் நட்டை டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்க. ஒரு செஷன் (ஒரு தடவை ட்ராக்கில் ஓட்ட விடும் நேரம்) முடிந்ததும் மறுபடி பார்க்கணும்.

பிப்ரவரி 9

காருக்குள் இருக்கிற சாமான். இதைப் பற்றி யாருமே எழுதுவதில்லை, செக்கிங் வரிசையில் அதிக நேரம் போவது இதற்குத்தான்.

தண்ணீர் பாட்டில், குடை, ஃபாஸ்டேக் ரசீது, சில்லறை, குழந்தையின் செருப்பு, டிக்கியில் ஜாக்கி, ஸ்டெப்னி ஆடினால் ஸ்டெப்னி, கால் மிதி எல்லாம் வெளியே. கால் மிதி மடங்கி ஆக்ஸிலேட்டர் மேல் ஏறும். உருண்டு வரும் பாட்டில் பிரேக் பெடலுக்குக் கீழே போய் உட்காரும்.

டேஷ்போர்டு பிள்ளையாரும் வெளியே. டபுள் டேப்பில் ஒட்டியிருந்தாலும் சரி. எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் "சார், அவர் இருக்கிற தைரியத்துலதான் வந்திருக்கேன்" என்று வாதாடிப் பார்த்தார். பரிசோதிக்கிறவர் குனிந்து, இரண்டு கையாலும் பிள்ளையாரைப் பெயர்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு அவர் கையில் கொடுத்தார். டேஷ்போர்டில் வட்டமாகப் பசையும் கொஞ்சம் குங்குமமும் மிச்சம். முன்னால் தொங்கும் எலுமிச்சை மிளகாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது பம்பருக்கு வெளியே இருந்தது.

பிப்ரவரி 10

"க்ளவ் பாக்ஸுக்குள் வைக்கலாமா?" என்று கேட்டவருக்கு: க்ளவ் பாக்ஸும் காலியாக இருக்கணும். வீட்டிலேயே விட்டுவிட்டு வாங்க. கோபிக்க மாட்டார். அவர் மூஞ்சூறில் போகிறவர், நம் லேப் டைமையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பிப்ரவரி 12

இப்போது கேள்வியின் இரண்டாவது பாதி. ஹைவேயில் ஓட்டுகிறவனுக்கு ட்ராக் பெரிய விஷயமா?

ஹைவேயில் நேராகப் போவதற்கு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் போதும். 160 போனது கார், நீங்க உட்கார்ந்திருந்தீங்க. ட்ராக்கில் வேலை மூன்று: பிரேக்கை எங்கே மிதிப்பது, எங்கே விடுவது, கண் எங்கே இருக்கணும். மூன்றிலும் கடைசிதான் எல்லாவற்றுக்கும் மூலம்.

நான் முதன்முதலில் போனபோது, முதல் செஷனில் பக்கத்து சீட்டில் பயிற்சியாளர் ஏறினார். வயசில் என்னைவிடச் சின்னவர், "சார்" என்றுதான் கூப்பிட்டார், ஆனால் சொன்னதெல்லாம் அதட்டலாக வந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்து முதலில் சீட்டை முன்னால் தள்ளச் சொன்னார். முதுகை சீட்டில் ஒட்ட வைத்துக் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங் மேல் படணும். கை கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும். பெல்ட்டை முழுசா இழுத்து, லாக் ஆகும்படி வெடுக்கென்று சுண்டி, இடுப்பில் பதியும்படி போடச் சொன்னார். அதற்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, இத்தனை வருஷமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறேன்.

பிறகு வெளியே போனோம். இரண்டாவது திருப்பத்திலேயே கேட்டார்: "சார், எதைப் பார்க்கிறீங்க?" நான் ரோட்டைப் பார்க்கிறேன் என்றேன். "ரோட்டுல எதை?" பதில் இல்லை. பானெட்டுக்குப் பத்தடி தள்ளி இருக்கிற தாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையில் அப்படித்தான் ஓட்டணும், பள்ளம் இருக்கும், ஸ்பீடு பிரேக்கர் இருக்கும், நாய் படுத்திருக்கும். ட்ராக்கில் அந்தப் பழக்கம் ஆளைக் கவிழ்க்கும். பிரேக் பிடிக்கப் போகும்போதே திருப்பத்தின் உள்முனை கண்ணில் இருக்கணும். உள்முனையை நெருங்கும்போது கண் அங்கே இருக்கக் கூடாது, வெளியேறும் விளிம்புக்குப் போயிருக்கணும். கழுத்தைத் திருப்பிப் பார்க்கணும், பக்கத்து ஜன்னல் வழியாகக்கூட. கண் போன இடத்துக்குக் கை தானாகப் போகிறது. அவர் என் தாடையைப் பிடித்துத் திருப்பாத குறை.

"இப்ப இல்ல… இப்ப இல்ல… இப்ப." பிரேக்குக்கு அவர் சொன்ன பாடம் அவ்வளவுதான். முதல் சில சுற்று நான் மிதித்தது எல்லாமே சீக்கிரம், எல்லாமே மென்மை. நம் கால் சிக்னலுக்குப் பழகிய கால். மெதுவாக ஆரம்பித்து, நிற்கும்போது அமுக்கும். இங்கே தலைகீழ்: முதலிலேயே முழு அமுக்கு, திருப்பத்தை நெருங்க நெருங்கக் காலைத் தளர்த்து. காரின் எடை முன் சக்கரத்தில் இறங்கியிருக்கும்போது ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கிறது. திருப்பத்துக்குள் பயந்து ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் எடை மொத்தமும் முன்னால் போய், பின் சக்கரம் லேசாகி, வால் ஆடும். ட்ராக்கில் ஹேட்ச்பேக் சுழல்வதில் பெரும்பாலும் இதுதான் காரணம். வேகமாகப் போனதால் அல்ல, பயந்து காலை எடுத்ததால்.

பிப்ரவரி 13

"கோடு எப்படிப் போடுவது", அதாவது திருப்பத்தில் காரை எந்தப் பாதையில் விடுவது என்று தனியாகக் கேட்டிருக்கிறார் ஒருவர். வெளி, உள், வெளி: வெளி ஓரத்தில் நுழைந்து, உள்முனையைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு. காரணம் எளிது. டயருக்கு ஒரு பிடிப்பு இருக்கிறது, திருப்பத்தின் ஆரம் பெரிசானால் அதே பிடிப்பில் கூடுதல் வேகம் கிடைக்கும். நல்ல ரோடு டயரை வைத்துக் கணக்குப் போட்டால் 50 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர்தான் எல்லை. ட்ராக்கின் முழு அகலத்தையும் எடுத்து அதை 70 மீட்டர் ஆரமாக விரித்தால் 89. காருக்கு ஒரு பைசா செலவில்லாமல் 14 கிலோமீட்டர். ரீமேப் எவ்வளவு தருமோ, அதற்கு எவ்வளவு கேட்டார்களோ, தம்பிதான் சொல்லணும்.

லோயரிங் ஸ்பிரிங் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷாக் அப்சார்பர் கம்பெனியுடையதாக இருக்க ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்கினால் திருப்பத்தின் நடுவில் பம்ப் ஸ்டாப்பில் (முழுசா அமுங்கினால் முட்டும் ரப்பர்) போய் உட்காரும். பார்க்க அழகாக இருக்கும். வடபழனி சிக்னலில் நிற்பதற்கு நல்லது.

பிப்ரவரி 16

கொடிகள். மஞ்சள்: ஆபத்து, வேகம் குறை, யாரையும் முந்தாதே. சிவப்பு: செஷன் நின்றது, மெதுவாகப் பிட்டுக்கு வா. நீலம்: பின்னால் வேகமான கார், வழி விடு. கறுப்பு: உன்னிடம் ஏதோ தப்பு, உள்ளே வா. கட்டம் போட்டது: முடிந்தது. கொடி காட்டும் மார்ஷல் எங்கெங்கே நிற்கிறார் என்பதை முதல் மெதுவான சுற்றிலேயே பார்த்து வைத்துக்கொள்ளணும்.

முந்துவது. இது ரேஸ் இல்லை. நேர்பாதையில் மட்டும், முன்னால் இருப்பவர் சைகை காட்டினால் மட்டும். சைகை என்ன என்பதைக் காலை வகுப்பில் சொல்வார்கள், கவனித்துக் கேளுங்க. நம் ஊர் லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டால் "நீ போ" என்றும் அர்த்தம், "நான் வலது பக்கம் திரும்பப் போகிறேன்" என்றும் அர்த்தம். எது என்பதை அவர் முகம் தெரியாமலே நாம் யூகித்து உயிரோடு இருக்கிறோம். அந்த யூகத்தை ட்ராக்குக்குள் கொண்டுவர வேண்டாம்.

வழி விடுகிறவர்கள் தங்கள் கோட்டிலேயே போங்க. மரியாதைக்காகச் சட்டென்று ஒதுங்கினால் பின்னால் வருபவருக்குத்தான் குழப்பம். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், அவர் பார்த்துப் போய்க்கொள்வார்.

பிப்ரவரி 17

கேட்காமலே ஒரு பழங்கதை. இருங்காட்டுக்கோட்டை 1990-ல்தான் வந்தது. அதற்கு முன் மெட்ராஸில் ரேஸ் என்றால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது, 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்தியது. வீட்டுப் பெரியவர்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, புளியோதரை கட்டிக்கொண்டு போய்ப் பார்த்த கதையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எண்ணெய்ப் புகை வாசனையைப் பற்றிச் சொல்லும்போது அவர்கள் முகமே மாறும்.

இப்போது கூட்டம் வேறு மாதிரி. 2024 ஆகஸ்டில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டரில் இரவுப் பந்தயம் நடந்தது, 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்தது. அதற்கப்புறம் என் மைத்துனன் உட்பட எல்லோருக்கும் ட்ராக் ஞாபகம் வந்துவிட்டது. ஒன்றைக் கவனிங்க: அந்தப் பந்தயத்துக்கு முன் பயிற்சியில் அவர் கார் பலமாக மோதியது, அவர் நடந்து வெளியே வந்தார். அது கம்பிக்கூடு வைத்துக் கட்டிய ரேஸ் கார். நம் காரில் இருப்பது ஏர் பேக்கும் மூன்று புள்ளி பெல்ட்டும்.

பிப்ரவரி 18

"சென்னை, சென்னை என்றே எழுதுகிறீர்களே, கோவை கண்ணில் படவில்லையா?" என்று ஒரு கோவை நண்பர். படுகிறது அண்ணாச்சி. முதல் தடவை போகிறவருக்குச் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேதான் பொருத்தம் என்றுகூடச் சொல்வேன். சுமார் 2 கிலோமீட்டர்தான், நேர்பாதை குட்டை, வேகம் அவ்வளவு ஏறாது, திருப்பம் அடுத்தடுத்து வரும். பிரேக்குக்கும் பயத்துக்கும் நல்லது. 2003-ல் திறந்த அந்த ட்ராக்குக்குக் கரிவரதன் பெயர். மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டி, சாதாரணப் பையன்களையும் ரேஸில் உட்காரவைத்தவர். ஃபார்முலா 1 வரை போன நரேன் கார்த்திகேயனும் உங்க ஊர்தான், சரியா? இப்போது சமாதானமா?

"அண்ணாச்சி திருநெல்வேலிக்காரங்களுக்கு, எங்களுக்கில்லீங்க" என்று உடனே பதில் வந்துவிட்டது. சரிங்க.

பிப்ரவரி 23

இன்ஷூரன்ஸ். பாலிசியை எடுத்து, "பயன்பாட்டு வரம்பு" என்ற பகுதியைப் படியுங்க. நம் நாட்டுத் தனிநபர் கார் பாலிசியில் எதற்கெல்லாம் பொருந்தாது என்று ஒரு வரிசை இருக்கும்: வாடகை, சரக்கு, ஒழுங்கமைத்த பந்தயம், வேகப் பரிசோதனை என்று போகும். "நான் ரேஸ் விடலையே, கத்துக்கத்தானே போனேன்" என்று வாதாடலாம், ஆனால் அந்த வாதத்தை நம்பிக் காரை ட்ராக்கில் இறக்கக் கூடாது. உள்ளே நுழையும்போது பொறுப்பு என்னுடையது என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்குவார்கள்.

ஆக, எந்தக் காரை எடுத்துப் போவது என்ற கேள்விக்கு என் பதில்: சுவரில் சொருகினால் உங்க கைக்காசில் சரிபண்ணக்கூடிய கார், இல்லையென்றால் இல்லாமலே ஆறு மாசம் சமாளிக்கக்கூடிய கார். தவணை பாதி பாக்கியுள்ள கார் வேண்டாம். அப்பா பெயரில் உள்ள கார் அவருக்குத் தெரியாமல் வேண்டவே வேண்டாம். இதை எழுதியதும் தனிச்செய்தியில் ஒரு தம்பி "எப்படி அண்ணா கண்டுபிடிச்சீங்க" என்கிறார்.

மார்ச் 2

டயர் காற்று பற்றி நான் எழுதாமல் விட்டதற்குள் மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொல்லிவிட்டார்கள். "குறைச்சுட்டுப் போ", "ஏத்திட்டுப் போ", "நைட்ரஜன் போடு".

முதலில் கணக்கு. காலை 30 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால், டயருக்குள் காற்று 70 டிகிரி ஆகும்போது 39-க்கு மேல் காட்டும். நைட்ரஜனும் இதே கணக்குதான், அதுவும் வாயுதான். 39-ல் டயர் நடுவில் புடைத்து, ஓரம் தரையை விடும். அதனால் செஷன் முடிந்து வந்த உடனே சூடாக இருக்கும்போது அளந்து, கொஞ்சம் வெளியே விடுவார்கள். ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டுப் போனால் இன்னும் தெளிவு: கோடு எவ்வளவு தூரம் அழிந்தது என்று பார்த்தால் டயர் எவ்வளவு மடங்கியது என்று தெரியும். பக்கவாட்டு எழுத்து வரைக்கும் அழிந்திருந்தால் காற்று போதவில்லை.

முன்பு நான் "சூட்டில் விடணும்" கட்சிதான். இப்போது முதல் தடவைக்காரருக்கு அதையும் சொல்வதில்லை. கதவில் ஒட்டியிருக்கும் கம்பெனி அளவை வைத்துக்கொண்டு போகட்டும். காரணம் இரண்டு. ஒன்று, முதல் நாள் சுற்றுக்குச் சுற்று நாமே வேறு மாதிரி ஓட்டுகிறோம், இரண்டு பி.எஸ்.ஐ. வித்தியாசம் நமக்குப் பிடிபடாது. இரண்டு, சூட்டில் 35-க்கு இறக்கிய டயர் ஆறினால் 29-தான் இருக்கும். அதோடு நாலு பேரை ஏற்றிக்கொண்டு பெங்களூர் ஹைவேயில் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். விட்டவர்கள் கிளம்பும் முன் அடைத்துக்கொள்ளணும், கையோடு சின்ன பம்ப் இருக்கட்டும்.

மார்ச் 9

வெயில். மார்ச் வந்துவிட்டது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மரம் கம்மி. ஜன்னலைத் திறந்துதான் ஓட்டச் சொல்வார்கள், ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கும். முழுக்கைப் பருத்திச் சட்டை, நைலான் வேண்டாம், அடிப்பாகம் மெல்லிசான ஷூ. செருப்பும் க்ராக்ஸும் போட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். மோர், உப்பு, எலுமிச்சை கொண்டு போங்க. மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு அடுத்த செஷனுக்குப் போனவரை நான் பெயர் சொல்ல மாட்டேன், அவர் ஹெல்மெட்டை இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 16

தம்பி போய்விட்டு வந்துவிட்டார். ரீமேப் பண்ணவில்லை. அவர் எழுதியதிலிருந்து:

"அண்ணா, ஒரு பழைய 1.2 செடான், நம்ம அப்பா வயசு அங்கிள் ஒருத்தர், என்னை ஒவ்வொரு ரவுண்டும் திருப்பத்துல பிடிச்சுட்டார். நேர்ல நான் ஓடிப்போவேன், சி 1 (முதல் திருப்பம்) வந்தா பின்னாடி கண்ணாடில நிப்பார். கடைசில வழி விட்டுட்டேன். எப்படி அண்ணா?"

கணக்கு சொல்கிறேன். 150-லிருந்து 60-க்கு ரோடு டயரில் நன்றாகப் பிரேக் அடித்தால் சுமார் 93 மீட்டர். 140-லிருந்து 79 மீட்டர் போதும். நீங்க நேரில் பத்து கிலோமீட்டர் கூட சம்பாதித்ததை 14 மீட்டர் முன்னாலேயே பிரேக் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டீங்க. பயத்தில் இன்னும் நாற்பது மீட்டர் முன்னால் மிதித்திருப்பீங்க, அது தனி. அந்த அங்கிள் நீங்க மிதித்த இடத்தில் இன்னும் ஆக்ஸிலேட்டரில் இருந்தார். திருப்பத்திலிருந்து உங்களைவிட வேகமாக வெளியே வந்தார், அந்த வேகம் அடுத்த நேர்பாதை முழுக்க அவர் கூடவே வந்தது. உங்க குதிரைத்திறன் அதைத் துரத்துவதிலேயே செலவாகிவிட்டது.

அவரிடம் போய்ப் பேசினீங்களா? பேசியிருக்கணும். இந்த மாதிரி ஆட்கள் பேடாக்கில் (கார்கள் காத்து நிற்கும் இடம்) தூணில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள், கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார்கள்.

மார்ச் 17

"பிரேக் பெடல் படபடன்னு அடிச்சுது, ஏதோ உடைஞ்சிடுச்சுன்னு பயந்து காலை எடுத்துட்டேன்" என்றும் எழுதியிருக்கிறார். அது ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்பது) வேலை செய்கிற துடிப்பு. எடுக்காதீங்க, அமுக்கிக்கொண்டே இருங்க, ஸ்டியரிங் அப்போதும் திரும்பும். வாங்கி வருஷக்கணக்கான காரில் பலருக்கு ஏ.பி.எஸ். துடிப்பதே ட்ராக்கில்தான் முதல் முறையாகத் தெரிகிறது. இ.எஸ்.பி. (கார் சறுக்காமல் தானாகப் பிடிக்கும் அமைப்பு) பட்டனைத் தொட வேண்டாம், ஆனில் இருக்கட்டும். அதன் விளக்கு அடிக்கடி கண் சிமிட்டினால் உங்க ஓட்டம் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, செஷன் முடித்து வந்து பழக்க தோஷத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாராம், "கருகின வாசனை, நகர மாட்டேங்குது". சிவக்கச் சூடான டிஸ்க்கில் பேடை அழுத்திப் பிடித்து வைத்தால் அந்த இடம் மட்டும் ஆறாது, பேடின் பொருளும் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் நடுங்கும். கடைசிச் சுற்றை பிரேக்கே தொடாமல் மெதுவாக ஓட்டி ஆற விடணும். நிறுத்தியதும் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பானெட்டைத் திறந்து விடணும். அது கருகல் வாசனைதான், முதல் நாள் எல்லோர் காரும் அப்படித்தான் நாறும், பயப்பட வேண்டாம். பேடு எவ்வளவு மிச்சம் என்று மட்டும் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்க. பிப்ரவரியில் கம்பெனி பேடு போதும் என்றேன், ஒரு நாளைக்குப் போதும். தம்பி மாதிரி அடுத்த மாசமே மறுபடி போவதாக இருந்தால் போதாது.

மார்ச் 20

சில்லறைக் கேள்விகள்.

மின்சாரக் கார்? போகலாம். கனம் அதிகம், டயர் தேயும். நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனால் ஆரம்பத்தில் ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்துச் சார்ஜ் ஏற்றுவது) சரியாக வேலை செய்யாது, பாட்டரியில் இடமில்லை. முழு எடையையும் பிரேக் பேடு தாங்கும். கொஞ்சம் குறைத்தே ஏற்றுங்க. திரும்பி வருவதற்குச் சார்ஜ் எங்கே என்பதையும் முன்னாலேயே பார்த்து வைங்க.

எஸ்.யூ.வி.? உயரம் அதிகம், எல்லா இடத்திலும் அனுமதிக்க மாட்டார்கள், கேட்டுக்கொண்டு போங்க.

ஏ.எம்.டி. (தானாகக் கியர் மாற்றும் கார்)? மேனுவல் மோடில் போடுங்க, இல்லாவிட்டால் திருப்பத்தின் நடுவில் அதுவாகக் கியர் மாற்றித் தூக்கி அடிக்கும்.

மனைவியைப் பக்கத்தில் உட்கார வைக்கலாமா? நடத்துகிறவர்கள் அனுமதித்தாலும் முதல் நாள் வேண்டாம். உங்களுக்குப் பிரேக் எங்கே பிடிப்பது என்று கேட்க இரண்டு பயிற்சியாளர்கள் தேவையில்லை.

சி.என்.ஜி.? வேண்டாமய்யா.

ஜூன் 8

மழை நாளில் பதிவு செய்துவிட்டேன், ரத்தாகுமா என்று ஒருவர். பெரும்பாலும் ரத்து செய்ய மாட்டார்கள், நீங்களும் போங்க. நனைந்த ட்ராக்கில் ஒரு மணி நேரம், காய்ந்ததில் ஒரு நாளைவிட அதிகமாகக் கற்றுக்கொடுக்கும், அதுவும் பாதி வேகத்தில், பாதி பிரேக் சூட்டில். ஆனால் பிப்ரவரி 13-ல் எழுதிய கோட்டை மறந்துவிடுங்க. காய்ந்த நாளில் எல்லோரும் ஓட்டுகிற அந்தக் கோட்டில்தான் ரப்பர் படிந்து வழுவழுப்பாகியிருக்கும், மழை விழுந்ததும் அதுதான் முதலில் வழுக்கும். கோட்டுக்கு ஒரு கார் அகலம் தள்ளி, சொரசொரப்பான தாரில் பிரேக் பிடிங்க. ஓரத்தில் பெயின்ட் அடித்த கெர்ப் மேல் ஏறவே ஏறாதீங்க. வைப்பர் ரப்பர் புதுசாக இருக்கட்டும். கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படியாமல் இருக்க ஏ.சி. ஓடட்டும். பட்டை 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயராக இருந்தால் மட்டும் அன்றைக்குப் போய் வேடிக்கை பாருங்க, பதிவுக் காசைத் திருப்பித் தருவார்களா என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொண்டு.